தாய்ச்சபையின் வாழ்த்துச் செய்தி

இன்னும் நான்கு நிகழ்ச்சிகள், பிறகு என் பெயர். ஆலய ஆண்டுவிழாவின் மஞ்சள் தாளில் ஒன்பதாவது வரியாக அச்சடித்திருக்கிறார்கள்: தாய்ச்சபையின் வாழ்த்துச் செய்தி, வாசிப்பவர் திரு. எட்வின் குணசீலன், அமெரிக்கா. ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷம் முடிந்துவிட்டது, கேஸ் கனெக்‌ஷன் வாங்கியாயிற்று, கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கியதுகூட இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்தான், ஆனாலும் அமெரிக்கா என் பெயரை விட மாட்டேன் என்கிறது, புதுச்சட்டையில் கிழிக்க மறந்த விலைச்சீட்டு மாதிரி. இப்போது ஐந்தாவது ஓடுகிறது, பெண்கள் சங்கத்தின் சிறப்புக் கீர்த்தனை, ஆர்மோனியம் முந்திப் போக, பாட்டு பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறது. தலைக்கு மேலே நீளக் கம்பியில் மின்விசிறி ஆடுகிறது. சின்ன வயதில் இதே பெஞ்சில் உட்கார்ந்து இது விழுந்தால் யார் தலையில் விழும் என்று பார்ப்பேன், எப்படிப் பார்த்தாலும் செல்லத்துரை மாமா தலையில்தான் விழும், விழவில்லை, அவருக்கு இப்போது எழுபத்தொன்று, சபைச் செயலர், முன்வரிசையிலிருந்து திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குகிறார், ரெடியா என்று. ரெடி. சட்டைப் பையில் தாள் நாலாக மடித்து இருக்கிறது, நெஞ்சு வியர்வையில் ஊறி அதன் ஓரம் தோலில் ஒட்டுகிறது. நடைபாதைக்கு அந்தப் பக்கம், பெண்கள் வரிசையில் இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் அம்மா. மனோரஞ்சிதம் டீச்சர். இங்கே உட்கார்ந்திருக்கும் அறுநூறு பேரில் பாதிப் பேருக்குச் சண்டே ஸ்கூலில் வசனம் சொல்லிக் கொடுத்தவள், தப்பாகச் சொன்னால் காதைத் திருகியவள். முதுகு இன்னும் நேராக இருக்கிறது. அவள் அழக் கூடாது. அழட்டும். இல்லை, அழக் கூடாது. தாய்ச்சபை என்று ஒன்று இல்லை, அதுதான் விஷயம், இந்தக் கூரைக்குக் கீழே அது தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதை இந்தத் தாளை வாசித்து மூடிவிடலாம், இரண்டு நிமிஷ வேலை, கைதட்டுவார்கள், வெளியே ஆட்டுக்கறி வெந்துகொண்டிருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

நூற்றி எழுபது வருஷத்துக்கு முன்னால் மாசசூசெட்ஸில் ஒரு சின்ன ஊர்ச்சபை கப்பலேற்றி அனுப்பிய பெல்டன் துரை இங்கே வந்து, சுண்ணாம்பு அரைத்து இந்தக் கோவிலைக் கட்டி, காலராவில் செத்து, பின்பக்கம் வேப்பமரத்தடியில் கிடக்கிறார். அவரை அனுப்பிய சபைதான் தாய்ச்சபை. இங்கிருந்து யாரும் அதைப் பார்த்ததில்லை. நான் போஸ்டன் பக்கம் வேலைக்குப் போன நாளிலிருந்து அம்மா நச்சரித்தாள், தாய்ச்சபையைப் போய்ப் பார்த்துட்டு வாடா, பார்த்துட்டு வாடா. எட்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை போனேன். கோபுரம் இருந்தது, வெள்ளை அடித்த கூரான கோபுரம், உள்ளே போனால் சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் கற்கள் பதித்து வைத்திருக்கிறார்கள், பலகணி வரைக்கும் ஆட்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பல்லி மாதிரி ஏறுகிறார்கள், பிரசங்க பீடம் இருந்த இடத்தில் நீல மெத்தை, அதன்மேல் ஒரு தகப்பன் அண்ணாந்து, இடது கால், இடது கால் என்று தன் பெண்ணுக்குக் கத்துகிறான். சுவரேறிப் பழகும் கூடம். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் சபை கலைந்துவிட்டதாம். வாசலில் மூக்குத்தி போட்ட ஒரு பெண் என்னிடம் ஒரு தாளை நீட்டினாள், விழுந்து செத்தால் நாங்கள் பொறுப்பில்லை, கையெழுத்துப் போடுங்கள். நான் ஏறவில்லை, பார்க்க மட்டும்தான் என்றேன். பார்க்கவும் கையெழுத்து வேண்டும் என்றாள். போட்டேன். தெற்குச் சுவரில் அந்தக் கற்களுக்கு நடுவே ஒரு சலவைக்கல் பலகையை மட்டும் பெயர்க்காமல் விட்டிருந்தார்கள், ஹோரேஸ் பெல்டன், மதுரை ஜில்லாவில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஒரு பையன் அதன் விளிம்பில் கட்டைவிரலை ஊன்றித்தான் மேலே ஏறிப் போனான். எனக்குச் சிரிப்பு வந்தது. வருத்தம் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அதை நினைத்து வீடு வரும்வரை வருத்தப்பட்டேன்.

சபையின் கடைசிச் செயலர் பக்கத்து முதியோர் இல்லத்தில் இருக்கிறாள் என்று அந்தப் பெண்தான் சொன்னாள். மார்ஜரி, தொண்ணூற்றொரு வயது, ஜன்னலோரம், மடியில் ஒரு குறுக்கெழுத்துப் போட்டி. பதினொரு பேர் மிஞ்சியிருந்தோம், கையைத் தூக்கி ஓட்டுப் போட்டோம், பதினொரு கையும் மூடிவிடலாம் என்றுதான் உயர்ந்தன என்றாள். எங்களுக்கு நம்பிக்கை போகலை, கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர்தான் போச்சு என்றாள். கட்டத்தில் ஓர் எழுத்தை நிரப்பிவிட்டு, ரெண்டும் ஒண்ணாப் போச்சோ என்னவோ என்றாள். மூன்று பிள்ளைகள், மூவரும் நல்லவர்கள், வாரம் தவறாமல் வந்து பார்ப்பவர்கள், யாரும் எந்தக் கோவிலுக்கும் போவதில்லை. சண்டை போட்டுக்கொண்டு வெளியேறவும் இல்லை, கதவை அறையவும் இல்லை. போகாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். உங்கள் ஊரில் இன்னும் பாடுகிறார்களா என்று கேட்டாள். பாடுகிறார்கள். எத்தனை பேர்? அறுநூறு என்றேன். பென்சிலைக் கீழே வைத்தாள். எங்களைப் பற்றி அவங்ககிட்டச் சொல்லிடாதீங்க என்று என் கையைப் பிடித்தாள், கண் ஓரத்தில் சிரிப்பு, சொன்னா எங்களைக் காப்பாத்த மிஷனரி அனுப்பி வச்சிருவாங்க. நான் சொல்லவில்லை. அன்று இரவு போனில் அம்மாவிடம், பார்த்தேன்மா, கோபுரம் அழகா இருக்கு, சுவரெல்லாம் கலர் கலரா இருக்கு என்றேன். கண்ணாடி ஜன்னல்களாக இருக்கும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரமே ஊர் முழுக்கச் சேதி, டீச்சர் மகன் மாசாமாசம் தாய்ச்சபை ஆராதனைக்குப் போகிறான்.

ஆறாவது. பழைய ஆயர்களுக்குச் சால்வை. பொன்னாடையை விரித்துப் போடுவதற்குள் போட்டோக்காரர், ஐயா இங்க பாருங்க, ஐயா இங்க, என்று மூன்று தடவை போட வைக்கிறார். பக்கத்தில் ஞானதீபம் அண்ணன், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், என் விலாவில் இடித்து, "தம்பி, மைக்கை வாய்க்கு ஒட்ட வச்சுப் பேசு. போன வருஷம் பிஷப் பேசுனது ஒரு எழுத்து கேக்கல" என்கிறார், பிறகு இன்னும் குனிந்து, "அதுல நமக்கொண்ணும் நஷ்டமில்லைன்னு வையி." சிரிக்கிறேன். இந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். இன்னும் இருபது நிமிஷத்தில் இவர் முகம் எப்படி மாறும். காரணம் கேட்பார்கள், அதுதான் எனக்குத் தாங்காது. இங்கே ஒருவன் நம்பாமல் போவதற்கு ஒரு காரணம் வேண்டும், பெண்டாட்டி விட்டுப் போனாள், அதனால்; அப்பா வலியில் துடித்துச் செத்தார், அதனால்; குடி, அதனால்; கறுப்புச் சட்டைக்காரன் எவனோ கெடுத்தான், அதனால். என் கல்யாணம் எட்டாவது வருஷம் முறிந்தது, உண்மைதான், முறிவதற்கு ஆறு வருஷம் முன்பே எனக்கு இது இல்லாமல் போய்விட்டது. ஒரு ஞாயிறு பனி. போகவில்லை. அடுத்த ஞாயிறு பனி இல்லை. போகவில்லை. மூன்றாவது ஞாயிறு காப்பியோடு ஜன்னலில் நின்று, உள்ளே எங்கேயாவது வலிக்கிறதா என்று நாக்கால் பல்லைத் தடவுவதுபோலத் தடவிப் பார்த்தேன். வலிக்கவில்லை. அன்று மாலை அம்மா போனில், கோவிலுக்குப் போனியா என்றாள், போனேன்மா என்றேன், என்ன பிரசங்கம் என்றாள், வீட்டை விட்டுப் போன கெட்ட குமாரன் கதை என்றேன். பதினைந்து வருஷம். வாரம் ஒரு பிரசங்கம் கற்பனை செய்தேன், சில நல்ல பிரசங்கங்கள், அம்மா அவற்றைக் குறித்துக்கொண்டு சண்டே ஸ்கூலில் சொன்னாளாம். திரும்பி வந்த பிறகு அவளோடு வந்து உட்காருகிறேன், நற்கருணை அப்பத்துக்கு முழங்காலிட மட்டும் எழுந்து போவதில்லை, முழங்கால் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதற்கு ஒரு தைலம் வாங்கி வந்து அவளே தேய்த்துவிட்டாள். நல்ல முழங்காலில் சூடு பறக்கப் பறக்கத் தேய்த்தாள்.

ஒரு தடவை ஒரு கருத்துக்கணிப்புக்காரி என்னைப் போனில் கூப்பிட்டாள். வயது, படிப்பு, ஊர், பிறகு மதம், ஒரு பட்டியல் வாசித்தாள், நீளப் பட்டியல், கடைசிவரை பொறுத்திருந்தேன், இவற்றில் எதுவும் இல்லை என்று அவள் வாசித்ததும், அதுதான் என்றேன். விசைப்பலகையில் ஒரு தட்டு. அடுத்த கேள்வி, வீட்டில் எத்தனை பேர். ஏன் என்று கேட்கவில்லை. அடப்பாவமே என்று சொல்லவில்லை. நான் மருந்துக் கம்பெனியில் புள்ளிவிவரம் பார்த்தவன், ஒரு தட்டு என்னவாகும் என்று எனக்குத் தெரியும், அட்டவணையில் ஒரு துளி, எதுவும் இல்லை என்பவர்களின் பங்கு நான் அந்த நாட்டுக்குப் போனபோது பத்தில் இரண்டைத் தொடவில்லை, இப்போது பத்தில் மூன்றை ஒட்டி நிற்கிறது, கோடு மேலே போகிறது, அந்தக் கோட்டில் மார்ஜரியின் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், மெத்தையில் நின்று இடது கால் என்று கத்திய தகப்பன் இருக்கலாம், நான் இருக்கிறேன். அது ஒரு கூட்டம் இல்லை, கொடி இல்லை, சங்கம் இல்லை, வருஷாந்திரக் கூட்டத்தில் சால்வை இல்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் அடையாளம் தெரியாது. ஆனால் அன்று போனை வைத்த பிறகு, சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது, பாடத் தோன்றிற்று, எனக்குத் தெரிந்ததெல்லாம் கீர்த்தனைதான், அதைத்தான் பாடினேன், பாத்திரம் கழுவிக்கொண்டே. தொலைந்த ஆடு என்பார்கள். தொலைந்தேனா என்று ஆட்டிடம் யாரும் கேட்பதில்லை.

ஏழாவது, பரிந்துபேசும் ஜெபம், எல்லோரும் தலை குனிகிறார்கள், நான் குனியவில்லை, குனிந்த அறுநூறு தலைகளைப் பார்ப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும், மல்லிகையும் வழுக்கையும் நரையும். நாட்டின் தலைவர்களுக்காக, மழைக்காக, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, பிறகு வருகிறது, வாராவாரம் வருவது, "எங்களுக்குச் சுவிசேஷ ஒளியைத் தந்த தாய்ச்சபைக்காகவும், அதின் போதகருக்காகவும், அவருடைய குடும்பத்துக்காகவும்." பதின்மூன்று வருஷமாக இல்லாத போதகர், அவருக்கு ஒரு குடும்பம், அதற்குச் சுகம் வேண்டுகிறார்கள். ஆமென் என்கிறார்கள், ஞானதீபம் அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஆமென் என்கிறார். எனக்கோ அந்த முனையில் கேட்பவரும் இல்லை, இந்த முனையில் பெறுபவரும் இல்லை, ஆனாலும் நடுவில் இந்தக் குரல் நிஜம், அம்மாவின் குரல் அதில் தனியாகக் கேட்கிறது, அது நிஜம், அதனால்தான் முடியவில்லை. இவர்களை ஏமாளிகளாக வைத்திருக்க நான் யார். நம்புகிறவர்களுக்குப் பொய் போதும் என்று நினைப்பவன்தான் இவர்களை அவமதிப்பவன். செல்லத்துரை மாமாவிடம் போன மாதமே சொல்லியிருக்கலாம். தாய்ச்சபையிடம் வாழ்த்துக் கேட்டு எழுதச் சொல்லியிருந்தார், பதில் வரலை மாமா என்று மட்டும் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "வராட்டா என்ன மாப்ளே, தொரைமாருக்கு ஆயிரம் ஜோலி. நீ ரெண்டு வரி எழுதிரு. அன்பின் இந்தியச் சகோதரரேன்னு ஆரம்பி. அவங்க மனசுல இருக்கிறதத்தான எழுதப் போற, கர்த்தருக்குத் தெரியாதா?" என்றார். எழுதினேன். முதலில் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு தமிழில் பெயர்த்தேன், பெயர்ப்பு வாசனை வரவேண்டுமே என்று. நன்றாக வந்தது. பயப்படும்படி நன்றாக வந்தது. உங்கள் பாடல்களின் ஓசை எங்கள் பனியைக் கடந்து வருகிறது என்று ஒரு வரி. அதை மேஜைமேல் வைத்துவிட்டு நேற்று சாயந்திரம் பால் வாங்கப் போனேன், வந்து பார்த்தால் அம்மா மூக்குக்கண்ணாடியோடு அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள், முகமெல்லாம் நனைந்திருக்கிறது, "வந்திருச்சா, சொல்லவே இல்லையேடா" என்கிறாள், "இத்தனை வருஷம் கழிச்சு நம்மளை நெனச்சிருக்காங்க பாரு" என்று தாளைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். பால் பாக்கெட் கையில் சில்லென்று இருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இன்று காலை சொல்லப் போனேன், அம்மா ஒரு விஷயம் என்றேன், சேலை மடிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, வந்து பேசிக்கலாம், நேரமாச்சு என்றாள். கோழைக்குக் கிடைத்த நல்ல சாக்கு. வீட்டில் ஒருத்தியிடம் சொல்ல முடியாததை இங்கே அறுநூறு பேர் முன்னால் சொல்லப் போகிறேனா. சொல்லப் போகிறேன். வீட்டுக்குள் என்றால் அவள் எனக்காக அதை மூடி மறைப்பாள், சாகும்வரை என் சார்பில் பொய் சொல்வாள், அந்த வேலையை அவளுக்குக் கொடுக்க மாட்டேன். இது நியாயமா, நான் கட்டிக்கொண்ட சமாதானமா, தெரியவில்லை. எட்டாவது முடிகிறது. சிறுவர் நடனம், ஒரு தேவதையின் சிறகு கழன்று விழுந்து எல்லோரும் சிரிக்கிறார்கள்.

என் பெயர். ஆயர் அமெரிக்கா என்பதை நீட்டிச் சொல்கிறார். எழுந்திருக்கிறேன், முழங்கால் முன்பெஞ்சில் இடிக்கிறது, இப்போதுதான் இதற்கு நிஜமாகவே வலி. நடைபாதையின் சிவப்புக் கம்பளம், செல்லத்துரை மாமாவின் புருவம், மூன்று படி. மைக்கை ஒட்ட வைக்கிறேன். பைக்குள் கை போகிறது, தாள் நனைந்திருக்கிறது, எடுக்கவில்லை. "தாய்ச்சபையிலேர்ந்து வாழ்த்து எதுவும் வரலை" என்கிறேன். என் குரல் மேற்கூரையில் பட்டு என்னிடமே வருகிறது. "வராது. அந்தச் சபை மூடிப் பதின்மூணு வருஷமாச்சு. கடைசியில பதினொரு பேர் இருந்தாங்க. அந்தக் கட்டடத்துல இப்ப ஜனங்க சுவரேறிப் பழகுறாங்க. பெல்டன் துரை பேர் போட்ட கல்லு மட்டும் இருக்கு, நான் பார்த்தேன். பார்த்துட்டு வந்து உங்ககிட்ட மறைச்சேன். தப்பு." முணுமுணுப்பு பின்வரிசையிலிருந்து முன்னால் வருகிறது, செல்லத்துரை மாமா பாதி எழுந்து, "மாப்ளே, போதும், இறங்கு" என்கிறார் உதட்டால். இறங்கலாம். பாதி சொன்னதே பெரிசு. இறங்க ஒரு காலை எடுக்கிறேன், அப்போது பெண்கள் பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிடுகிறது. அம்மா எழுந்து நிற்கிறாள். மைக் இல்லாமலே அவள் குரல் கடைசிப் பெஞ்சுவரை போகும், நாற்பது வருஷம் வகுப்பெடுத்த குரல். "அப்ப நீ எந்தக் கோவிலுக்குடா போன?"

எடுத்த காலைத் திரும்ப வைக்கிறேன். "எந்தக் கோவிலுக்கும் போகலைம்மா. ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தேன். எனக்கு நம்பிக்கை இல்லைம்மா. ரொம்ப நாளா இல்லை. யாரும் கெடுக்கலை, எதுவும் நடக்கலை. இல்லை." எங்கோ ஒரு குழந்தை அழுகிறது, அதன் தாய் அதை வெளியே எடுத்துப் போகவில்லை, இங்கேயே நிற்கிறாள், கேட்க வேண்டுமே. அம்மா கண்ணாடியைக் கழற்றுகிறாள். "நேத்து நான் படிச்சது?" "நான் எழுதினது." அவள் என்னையே பார்க்கிறாள், இந்தத் தூரத்தில் கண்ணாடி இல்லாமல் என் முகம் அவளுக்குத் தெரியாது, ஆனாலும் பார்க்கிறாள். "நல்லாத்தான் எழுதியிருந்த" என்கிறாள். "நான் அழுதேன்." தொண்டைக்குள் ஒரு மன்னிப்பு வருகிறது, அது இரண்டாகப் பிரிகிறது, எதற்கு எது என்று எனக்கு இப்போது, முதல் தடவையாக, தெளிவாகத் தெரிகிறது. "பொய் சொன்னதுக்கு மன்னிச்சிருங்கம்மா" என்கிறேன். "நம்பாததுக்கு இல்லை." அவள் உட்காருகிறாள், முதுகு நேராகத்தான் இருக்கிறது. பீடத்துக்குப் பக்கவாட்டில் ஆயர் அறைக்குப் போகும் சின்னக் கதவு திறந்து கிடக்கிறது, வெளியே வெயில், கறி வாசனை, செல்லத்துரை மாமா அதை நோக்கிக் கண்ணைக் காட்டுகிறார், அன்பாகத்தான் காட்டுகிறார், இப்படிப் போயிரு மாப்ளே என்று. போகவில்லை. மூன்று படி இறங்கி நடுக் கம்பளத்தில் நடக்கிறேன், அம்மாவின் பெஞ்சைக் கடக்கும்போது அவள் திரும்பவில்லை, அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் திரும்புகிறார்கள். என் பெஞ்சில் ஞானதீபம் அண்ணன் ஓரத்துக்கு நகர்ந்து என் இடத்தையும் சேர்த்து உட்கார்ந்திருக்கிறார், முகம் நேராகப் பீடத்தைப் பார்க்கிறது, கை இரண்டும் தொடையில். நிற்கிறேன். அவர் நகரவில்லை. ஆயர் மைக்கில் தொண்டையைச் செருமுகிறார், பத்தாவது என்ன என்று தாளைத் தேடுகிறார், ஆண்கள் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பது நான் ஒருவன்தான். "அண்ணே, தள்ளுங்க" என்கிறேன். அவர் மெல்ல என்னைப் பார்க்கிறார், சிரித்த முகத்துக்கு இன்னொரு முகம் இப்படித்தான் இருக்குமா. "நீதான் நம்பலைல்ல. இங்க என்ன வேலை?" என்கிறார், மெதுவாகத்தான், ஆனால் நாலு வரிசைக்குக் கேட்கிறது. "எங்கப்பா கல்யாணம் இங்க நடந்துச்சுண்ணே, என்னைத் தூக்கிட்டு வந்து ஞானஸ்நானம் கொடுத்ததும் இங்க, அந்தா எங்கம்மா உட்கார்ந்திருக்காங்க. தள்ளுங்க." வேட்டியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், ஒரு ஆள் அளவுக்கு நகர்கிறார். உட்காருகிறேன்.